அம்மா கை தூக்க ஒரு ஜாக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடிக் கொடியில் அம்மா ஈரத் துண்டு ஒன்றை உதறிப் போட்டாள். வலது கையால். ஒன்றரை வருஷமாக அந்தக் கை தோள் மட்டத்தைத் தாண்டினாலே இடது கை வந்து தாங்கிப் பிடிக்கும். கூடவே ஜாக்கெட்டும் மேலே ஏறும். வயிறு தெரிகிறதென்று அவள் சட்டென்று கையை இறக்கி முந்தானையை இழுத்துவிடுவாள். இந்த முறை ஜாக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் தைத்தது. மூன்றாவது ஜாக்கெட்.

பொத்தான் தைப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் மெஷினில் உட்கார்ந்த நான் ஆறு மாதத்தில் இங்கே வந்து சேர்ந்த வழியை வரிசையாக எழுதிவைக்கிறேன். தப்பிப் போன இடங்களை நீட்டியே எழுதுகிறேன். துணியும் நேரமும் அங்கேதான் போயின.

அம்மாவுக்குத் தோள்பட்டை இறுகிக்கொண்டது. வலி மெல்லக் குறைந்துவிட்டது, ஆனால் கை பழைய உயரத்துக்கு இன்னும் வரவில்லை. தினமும் சுவரில் விரலை வைத்து மேலே மேலே நகர்த்தும் பயிற்சியைச் செய்கிறாள். பாளையங்கோட்டையில் இரண்டு இடங்களில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தோம். இரண்டு பேரும் அளவு ஜாக்கெட்டை வாங்கி வைத்து, அதே மாதிரி சுத்தமாகத் தைத்துத் தந்தார்கள். அளவில் தப்பே இல்லை. அம்மாவின் தோள் மாறிவிட்டது, அளவு ஜாக்கெட் மாறவில்லை. நாமே தைத்து, போட்டுப் பார்த்து, பிரித்து, திரும்பத் தைத்தால்தான் இது சரிவரும் என்று தோன்றியது. மாடிப்படிக்குக் கீழே அம்மாவின் பழைய உஷா மிதி மெஷின் வேறு சும்மா கிடந்தது.

பதினாலு வருஷமாக யாரும் தொடாத மெஷின். சக்கரத்தைச் சுற்றினால் கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. துரு என்று நினைத்தேன். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று எல்லாத் துளைகளிலும் கட்டியிருந்தது. மெஷின் எண்ணெய் தீர்ந்த நாட்களில் நாங்கள் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறோம். அது காய்ந்து கெட்டியாகி இரும்பை ஒட்டிப் பிடித்துவிட்டது. தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ எதுவுமே தையல் மெஷினுக்கு ஆகாது என்று இப்போது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கால் லிட்டர் மண்ணெண்ணெய் கிடைத்தது. சொட்டு மருந்துக் குப்பி ஒன்றில் ஊற்றி ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் நாலைந்து சொட்டு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், துணியை நகர்த்தும் பல் தட்டுக்கு அடியில் தேய்த்தேன். அங்கே பஞ்சும் நூல் துணுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி அமுங்கிக் கிடந்தன. ஊசி முனையால் நெம்பி எடுத்தால் ஒரே துண்டாக வந்தது. முதல் நாள் இரவு அப்படியே ஊற விட்டேன். மறுநாள் சக்கரம் அரைச் சுற்று, அதற்கடுத்த நாள் முழுச் சுற்று. மூன்றாம் நாள் அழுக்கு மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விட்டேன், துளைக்கு இரண்டே சொட்டு. ஊசிக் கம்பி வழியாகக் கறுப்பாக வடிந்தது. அடியில் பழந்துணியைக் கட்டி ஒரு மணி நேரம் வெறுமனே மிதித்ததும் சத்தம் மாறிவிட்டது. கடகடவென்று இருந்தது தட்டுத்தட்டென்று ஒரே சீராக வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “பழைய சத்தம் வந்துட்டு ஏட்டி” என்றாள்.

தோல் பெல்ட் விறைத்து வெடித்திருந்தது. புதியது 120 ரூபாய். நீளமாக வரும், நம் மெஷினுக்குத் தகுந்தபடி வெட்டிக் கம்பிக் கொக்கியால் மாட்ட வேண்டும். சக்கரத்தில் சுற்றி அளந்து, அதில் முக்கால் இன்ச் குறைத்து வெட்டினேன். மாட்டும்போது கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது, பத்து நாளில் தானே தளர்ந்து சரியாக நின்றது. கீழ் நூல் சுற்றிய பாபினை வைக்கும் பாபின் கேஸில் துரு ஏறியிருந்ததால் அதையும் மாற்றினேன், 110 ரூபாய்.

ஊசி மாட்டுவதில் ஒரு முழு மாலை போனது. ஊசியின் தலைப்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எங்கள் மெஷினில் அந்தத் தட்டைப் பக்கம் வலது கைப் பக்கம் பார்க்க வேண்டும், நூலை இடப்பக்கமிருந்து கோக்க வேண்டும். நான் திருப்பி மாட்டிவிட்டு, கீழ் நூலை மேல் நூல் தூக்கவே இல்லை என்று பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மிதிப்பதைப் பழகத் தனியாக ஒரு வாரம் வைத்துக்கொண்டேன். சக்கரத்தின் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சுழல வேண்டும். காலை வைக்கும் வேகத்தில் அது எதிர்ப்பக்கம் போய்விட்டால் நூல் உடனே அறுந்துவிடும், அல்லது அடியில் சிக்கிக்கொள்ளும். சக்கரத்தில் சாக்கால் ஓர் அம்புக்குறி போட்டேன். கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அதன் பிறகே கால் அழுத்த வேண்டும். ஒரு கால் முன்னாலும் மற்றொன்று சற்றுப் பின்னாலுமாக வைத்தால் குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுத்துவது எளிதாக வருகிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நூல் கோக்காமல் தைத்தேன். கோட்டின் மேலே துளை விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கை எங்கே ஆடுகிறது என்பது அப்படியே தெரியும். ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தவரை கோடு வளைந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் வலது ஓரத்தைப் பார்த்துத் தைக்க ஆரம்பித்ததும் நேரானது. தாளில் ஓட்டினால் ஊசி மழுங்கும், அதற்கென்று ஒரு பழைய ஊசியை ஒதுக்கினேன்.

நூல் கோத்துத் தைத்த முதல் நாள், துணியின் மேல்பக்கம் அழகாக இருந்தது, திருப்பினால் அடியில் குருவிக்கூடு. அடியில்தானே சிக்கு, அப்படியானால் பாபினில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பாபின் கேஸின் குட்டித் திருகாணியை நாலு நாள் முடுக்கித் தளர்த்தி முடுக்கினேன். கோளாறு மேல் நூலில் இருந்தது. அழுத்துப் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருக்கிறேன். பாதம் இறங்கியிருந்தால், மேல் நூலைப் பிடித்துவைக்கும் டென்ஷன் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்தேன், அந்த நிமிஷமே தையல் சரியானது. அதற்குள் நான் திருகிக் கெடுத்து வைத்திருந்த பாபின் கேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சும்மா பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும், லேசாக ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு விரல் அளவு இறங்கி மறுபடி நிற்க வேண்டும்.

தலையணை உறை நாலு, அம்மாவுக்கு உள்பாவாடை ஒன்று. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எல்லாம் நேர்த்தையல். காடாத்துணியில் உறையும் பாப்ளினில் பாவாடையும் தைத்தேன். பாவாடைக்கு நாடாப் பட்டியை முக்கால் இன்ச் அகலத்தில் மடித்துவிட்டதால் நாடா கோக்க ஊக்கு நுழையவில்லை, பிரித்து ஒன்றேகால் இன்ச்சாக்கினேன். இவ்வளவில் கை நேராகிவிட்டது, இனி ஜாக்கெட் என்று துணிந்தேன்.

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் போய் டூ பை டூ ரூபியா என்கிற ஜாக்கெட் துணி ஒரு மீட்டர் வாங்கினேன், 160 ரூபாய், இலைப் பச்சை. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து இஸ்திரி போட வேண்டும் என்பதை மட்டும் சரியாகச் செய்தேன். அம்மாவின் அளவுகள்: உயரம் 14½ இன்ச், மார்புச் சுற்று 38, தோள் 14, முன் கழுத்து 6, பின் கழுத்து 5, கை நீளம் 9, கைச் சுற்று 12½. பின்பக்கத்துக்கு மார்பில் கால்வாசி 9½, அதோடு தையலுக்கும் பின்னால் பிரித்து விடுவதற்கும் சேர்த்து 1½, மொத்தம் 11 இன்ச். முன்பக்கத்துக்கு டக் பிடிக்க, அதாவது மார்பு வடிவத்துக்காக மடித்துத் தைக்க, இன்னும் அரை இன்ச். கையைப் பொருத்தும் ஓட்டையான கைக்குழியின் வளைவுக்குத்தான் கணக்கு வரவில்லை. அளவு ஜாக்கெட்டை மடித்து வைத்து அதன் ஓரத்தைச் சுற்றிச் சாக்கால் வரைந்துகொண்டேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் அதே ஒரு வளைவு.

கழுத்துப் பட்டியையும் துணியின் நேர்வாக்கிலேயே வெட்டினேன். வளைவில் அது மடங்க மறுத்துச் சுருங்கிச் சுருங்கி நின்றது. கழுத்துக்குக் கிராஸ் பட்டிதான் வேண்டும், துணியின் மூலைவாட்டத்தில் ஒரு இன்ச் அகலத்தில் வெட்டியது. அந்த வாட்டத்தில் வெட்டிய துணி கையில் பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும், அதனால்தான் வளைவில் படுக்கிறது. பட்டியைத் திருப்புவதற்கு முன் வளைவு நெடுக அரை இன்ச்சுக்கு ஒன்றாகத் தையல்வரை எட்டாமல் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்தேன். கழுத்தை இரண்டு தடவை பிரித்துத் தைத்ததில் பச்சைத் துணி ஓரம் நொய்ந்துபோனது.

பத்து மாலைகள், பத்தொன்பது மணி நேரம். அம்மா போட்டுப் பார்த்தாள். மார்பு சரி, இடுப்பு சரி. “முன்பக்கம் கக்கத்துல வெட்டுது” என்றாள்.

இங்கேதான் பெரிய தப்பைச் செய்தேன். கக்கத்தில் பிடிக்கிறதென்றால் ஓட்டை சின்னது, பெரிதாக்கினால் சரியாகிவிடும். யாருக்கும் இப்படித்தான் தோன்றும். கையைப் பிரித்தெடுத்துவிட்டு, கைக்குழியை அரை இன்ச் கீழே இறக்கி வெட்டினேன். 7 இன்ச் இறக்கம் 7½ ஆனது. கையின் பக்கத் தையலில் விட்டு வைத்திருந்த துணியைப் பிரித்துவிட்டுப் பொருத்தித் தைத்தேன். வெட்டுவது நின்றது. ஆனால் அம்மா கையைத் தூக்கியதும் சட்டை மொத்தமும் கூடவே எழுந்தது. “ஏட்டி, கையத் தூக்குனா சட்டையும்லா கூட வருது.” டேப்பை வைத்துப் பார்த்தேன். கை தோள் மட்டத்துக்கு வரும்போது சட்டையின் கீழ்விளிம்பு இரண்டரை இன்ச் ஏறியிருந்தது. கடையில் தைத்ததைவிட மோசம்.

இரண்டாவது ஜாக்கெட்டுக்கு வேறு துணி வாங்கி, இதே நினைப்பில், கைக்குழியை முதலிலேயே 7½ வைத்து, இன்னும் தளர்வாக வெட்டினேன். அதே கதை. ஒரு மீட்டர் ரூபியா, ஒன்பது மாலை.

அடுத்த தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். நாற்பது வருஷம் ஆண்களுக்குச் சட்டையும் ஜிப்பாவும் தைத்தவர், இப்போது கண் சரியில்லாமல் விட்டுவிட்டார். ஜாக்கெட் தைத்ததில்லை என்று முதலில் தயங்கினார். நான் தைத்த இரண்டு ஜாக்கெட்டையும் விரித்துக் கொடுத்தேன். பார்க்கவில்லை, கைக்குழிக்குள் நாலு விரலை விட்டு ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினார்.

“கைக்குழிய எறக்கிராதீங்கம்மா. ஏத்துங்க.”

எனக்குப் புரியவில்லை. தன் சட்டையையே காட்டி விளக்கினார். கைத் தையல் கக்கத்துக்குக் கீழே விலாவில் போய் உட்கார்ந்திருந்தால், கை மேலே போகும்போது அது விலாத் துணியைத்தான் பிடித்து இழுக்கும். இழுக்க இழுக்க மொத்தச் சட்டையும் வரும். தையல் கக்கத்தை ஒட்டி மேலேயே இருந்தால் கை மட்டும் தனியாகத் திரும்பும். அம்மாவுக்கு முதலில் வெட்டியதற்குக் காரணம் ஓட்டை சிறியதாக இருந்தது இல்லை. முன்பக்க வளைவை நான் பின்பக்கம் போலவே வைத்ததுதான். கை முன்னால் நகரும் உறுப்பு, முன்வளைவை அரை இன்ச் உள்ளே தள்ளிக் குழிவாக வெட்ட வேண்டும். அந்தக் குழிவு இல்லாததால் மிஞ்சிய துணி கக்கத்தின் முன்மடிப்பில் திரண்டு அறுத்திருக்கிறது.

வெட்டிய துணியை ஏற்ற முடியாதே என்று கேட்டேன். இரண்டாவது ஜாக்கெட்டைக் காப்பாற்ற ஜிப்பா வழியைச் சொன்னார். மூன்றரை இன்ச் சதுரத் துண்டு இரண்டு வெட்டி, கக்கத்தில் பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து, சதுரத்தின் மூலை மேலும் கீழும் பார்க்கும்படி வைத்துத் தைக்க வேண்டும். நாலு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடர வேண்டும். முதல் கக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது, இரண்டாவதற்கு நாற்பது நிமிஷம். ஏற்றம் இரண்டரையிலிருந்து ஒன்றரை இன்ச்சாகக் குறைந்தது. கக்கத்தில் தையல்கள் கூடித் தடிப்பாக இருப்பதால் வெளியே போகப் போட அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் போட்டுக்கொள்கிறாள்.

இனி நல்ல துணியில் கத்தரி வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்று இருந்தது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதில்தான் மாதிரி தைத்தேன். ஒரு பக்கம் மட்டும், வலது பாதி, கையோடு. கழுத்துப் பட்டி கிடையாது, கொக்கி கிடையாது, பெருந்தையல் போட்டு ஊக்கு குத்தி நிறுத்துவது. ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம்தான் ஆகிறது.

முதலில் அம்மாவின் கையை ஒழுங்காக அளந்தேன். இன்ச் டேப்பைக் கக்கத்தின் அடியில் ஒட்டிக் கொடுத்துத் தோள் முனையில் சேர்த்தால் பதினைந்தேகால் இன்ச். அளவு ஜாக்கெட்டின் கைக்குழி 17 இருந்தது. முக்கால் இன்ச் தளர்வு சேர்த்து 16 போதும். இறக்கத்தை 6½ ஆக்கினேன், முன்வளைவை அரை இன்ச் குழித்தேன்.

அடுத்தது கையின் மேல் வளைவு. பழைய கையில் நடுமேடு 3½ இன்ச் உயரம். மேடு உயரமாக இருந்தால் கை தொங்கும்போது சுருக்கமே இல்லாமல் அழகாக விழும், தூக்கும்போது பிடிக்கும். மேட்டைத் தாழ்த்திக் கையை அகலமாக வைத்தால் தூக்க வரும், தொங்கும்போது கக்கத்துக்கு மேலே இரண்டு மடிப்பு விழும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அம்மாவிடமே கேட்டேன். “மடிப்பு விழுந்தா விழட்டும், முந்தான மறைக்கும்” என்றாள். மேட்டை 2½ ஆக்கினேன்.

இப்போது சட்டை வளைவும் கை வளைவும் ஒரே நீளத்தில் வர வேண்டும். டேப்பைப் படுக்கவைத்து வளைவை அளக்க முடியாது. டேப்பை ஓரத்தில் நிமிர்த்தி, கோட்டின் மேலேயே வளைத்து வளைத்து நடத்திக்கொண்டு போக வேண்டும், ரயில் தண்டவாளத்தில் போவதுபோல. அப்படி அளந்து இரண்டும் 16 என்று எழுதிக்கொண்டு தைத்தேன். கை வளைவு அரை இன்ச்சுக்கு மேல் குறைந்துபோனது. திரும்ப அளந்தேன், 16 தான். அரைநாள் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். துணியின் ஓரத்தை அளந்திருக்கிறேன், தையல் விழும் கோட்டை அளக்கவில்லை. கைக்குழி உள்ளே குழிந்த வளைவு, அதில் தையல் கோடு ஓரத்தைவிட நீளம். கை மேடு வெளியே புடைத்த வளைவு, அதில் தையல் கோடு ஓரத்தைவிடக் குட்டை. ஓரத்தில் சமமாக இருந்தது கோட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கமும் விலகிப்போகிறது. கால் இன்ச் உள்ளே தள்ளிப் பென்சிலால் தையல் கோட்டை முழுசாக வரைந்து, அதன் மேல் டேப்பை நடத்தினேன். சட்டை 16½, கை 15¾. கையை இரு பக்கமும் அகலப்படுத்தி 16¾ கொண்டுவந்தேன். அந்தக் கால் இன்ச் மிச்சத்தைத் தோள் முனையில் கண்ணுக்குத் தெரியாமல் அமுக்கித் தைத்துவிடலாம்.

வேட்டியில் மொத்தம் நாலு மாதிரி. நாலாவதைப் போட்டுக்கொண்டு அம்மா கையைத் தூக்கியபோது கீழ்விளிம்பில் ஊக்கு குத்திக் குறி வைத்து அளந்தேன். முக்கால் இன்ச். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையை இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையால் வலது கக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வேட்டித் துண்டுகளைப் பிரித்து இஸ்திரி போட்டு, பழைய காலண்டர் அட்டையில் வைத்து வரைந்து வெட்டிக்கொண்டேன். மூன்றாவது ரூபியா, குங்கும நிறம். அட்டையை வைத்துச் சாக்கால் வரைய அரை மணி, வெட்ட அரை மணி. தைக்கும் வரிசையையும் மாற்றினேன். முன்பெல்லாம் பக்கத் தையலை மூடிவிட்டு, கையைக் குழாயாகத் தைத்து, அதைக் கைக்குழிக்குள் நுழைத்துச் சுற்றித் தைத்தேன், ஒவ்வொரு சுற்றிலும் அடித்துணி சேர்ந்து மாட்டிக்கொள்ளும். இப்போது தோளை மட்டும் சேர்த்துவிட்டு, துணி விரிந்து கிடக்கும்போதே கையை வைத்துத் தைத்து, அதன் பிறகு கை விளிம்பிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல் போடுகிறேன். நடுப் புள்ளியிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம், மறுபடி நடுவிலிருந்து மறுபக்கம். ஊசி 14 நம்பர், இன்ச்சுக்குப் பன்னிரண்டு தையல். டக் பிடிக்கும் இடத்தில் முனையில் பின்தையல் போட்டால் குமிழ் மாதிரி நிற்கிறது. நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிட்டேன், பட்டென்று படிந்தது. கொக்கி ஆறு, எல்லாம் முன்பக்கம். வலது கை பலம் குறைவு என்பதால் கண்ணிகளை நூலில் கட்டாமல் கம்பிக் கண்ணியாக வைத்தேன், அம்மாவால் பார்க்காமலே மாட்ட முடிகிறது. எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம்.

குறை இருக்கிறது. இடது தோளில் கழுத்துப் பட்டி ஒரு நூல் அளவு வெளியே எட்டிப் பார்க்கிறது. அம்மா சொன்னபடியே கை தொங்கும்போது இரண்டு மடிப்பு விழுகிறது. வலது தோள் இடதைவிட ஏறக்குறைய அரை இன்ச் தூக்கி நிற்கிறது என்பதை ஜாக்கெட் முடிந்து பின்னால் நின்று பார்க்கும்போதுதான் கவனித்தேன். வலியில் தோளைத் தூக்கித் தூக்கி வைத்தே பழகியிருக்கிறாள். அடுத்த முறை துணியை இரட்டையாக மடித்து வெட்டப்போவதில்லை. வலதும் இடதும் தனித்தனி அட்டை.

செலவு: மெஷினுக்குப் பெல்ட், ஆயில், ஊசி, பாபின் கேஸ், ஆறு பாபின் எல்லாம் சேர்த்து 530 ரூபாய். கத்தரிக்கோல் 480, டேப் 25, சாக் 40, தையல் பிரிக்கும் முள் 45. கத்தரிக்கோலில் மிச்சம் பிடிக்காதது நல்லதாயிற்று, ரூபியா வழுக்கும் துணி, மழுங்கல் கத்தரியில் கடித்துக் கடித்துத்தான் வரும். அதைத் தாளில் வைக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. துணி, நூல், கொக்கி 1,120. மொத்தம் 2,240. மூன்றாவது ஜாக்கெட்டுக்கு மட்டும் பார்த்தால் துணியும் கொக்கியும் நூலும் 180 ரூபாய். லைனிங் இல்லாத சாதா ஜாக்கெட்டுக்கு எங்கள் பக்கம் தையற்கூலி மட்டும் 200 வாங்குகிறார்கள், கொடுக்க வேண்டிய கூலிதான் அது. ஒரு கைக்குழிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறதென்று எனக்கு இப்போது தெரியும்.

மெஷினுக்கு மோட்டார் போடலாமே என்று தம்பி கேட்கிறான். இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறேன். கை பொருத்தும் வளைவில் ஒவ்வொரு தையலாகப் போக வேண்டியிருக்கிறது, அங்கே காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே சுற்றுகிறேன்.

திரும்ப ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் ரூபியாவை வாங்குவதற்கு முன்பே வேட்டியைக் கிழித்திருப்பேன். அளவு ஜாக்கெட்டை எடுப்பதற்கு முன்பே டேப்பை எடுத்து அம்மாவின் கையை அளந்திருப்பேன். போட்டுப் பார்க்கும்போது ஆடாமல் நிற்கச் சொல்லாமல், தலை சீவச் சொல்லியிருப்பேன், பரணிலிருந்து டப்பா எடுக்கச் சொல்லியிருப்பேன்.

அட்டைகளில் துளை போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் அளவும் தேதியும் எழுதி. அம்மாவின் கை மாதத்துக்கு ஓர் அரை இன்ச்சாவது கூடுதலாக உயர்ந்துகொண்டிருக்கிறது, சுவரில் பென்சில் கோடு போட்டு வருகிறோம். நாலாவது துணி மாம்பழ மஞ்சள், அம்மா தேர்ந்தெடுத்தது. ஊறவைத்துப் பிழியாமல் மாடிக்குக் கொண்டுபோனேன். கொடியில் போட்டது அம்மாதான்.